கட்டுமரத்தின் கட்டு

மே மாதம் பிறந்தால் மிசிசாகாவில் இரண்டு விஷயம் நடக்கும். வீட்டுக்காரர் புல்லு வெட்டத் தொடங்குவார்கள். போட் கிரெடிட் துறையில், குளிர்காலம் முழுக்க வெள்ளைப் பிளாஸ்ரிக்கால் சுற்றிக் கரையில் நிறுத்தியிருந்த படகுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். புல்லு வெட்டுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. படகு இறக்குவதைப் பார்க்க ஒவ்வொரு வருஷமும் போய்விடுவேன். மனுசி கேட்டால் கோப்பி குடிக்கப் போறன் என்று சொல்லுவேன்.

என்னோடு பத்து வருஷம் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த நோவா ஸ்கோஷியாக்காரர் ஒருவர் ஓய்வு பெற்ற கையோடு ஒரு சின்னப் பாய்ப்படகு வாங்கினார். பழசு. இரண்டு ஒடுங்கிய தோணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் குறுக்கு மரங்கள் போட்டு இணைத்த படகு. அதை இறக்குவதற்குக் கை கொடுக்க வரச்சொல்லிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் குறுக்கு மரங்களை இரும்பு போல்ட்டால் பூட்டவில்லை, கயிற்றால் கட்டியிருக்கிறது. பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கம்பிகளின் அடியிலும், வழக்கமாக இருக்கிற உருக்குத் திருகாணிக்குப் பதிலாக, மெல்லிய கயிறு ஆறேழு சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறது.

மனிசன் அந்தக் கட்டுகளை எல்லாம் அவிழ்த்துப்போட்டு, புதுக்கயிற்றுச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது கட்டமரான். உங்கடை ஊர்ச் சாமான் எண்டு நீதானே ஒருநாள் சொன்னாய்? அப்ப எப்பிடிக் கட்டுறதெண்டு நீயே காட்டு."

எனக்குக் கை நடுங்கினது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சொல்லின் கதை.

கட்டு, மரம். இரண்டும் எங்கள் சொற்கள். இரண்டையும் சேர்த்து ஆங்கிலக்காரர் எடுத்துக்கொண்டு போனார்கள். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையில் இந்தப் பெயரில் மரக்கலம் ஓடுவதை எழுதியிருக்கிறார். பிறகு 1876இல் நத்தானியேல் ஹெரஷொவ் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் இரட்டைத் தோணிப் படகு ஒன்றைச் செய்து நியூயோர்க்கில் நடந்த போட்டியில் விட்டார். பெரிய பெரிய படகுகள் எல்லாம் பின்னால் நின்றன. அடுத்த வருஷமே அந்த அமைப்புக்குக் காப்புரிமையும் எடுத்தார். அன்றைக்குத் தொடங்கி உலகம் முழுக்க இரட்டைத் தோணி என்றால் கட்டமரான்தான்.

உண்மையில் இரட்டைத் தோணி எங்களுடையது இல்லை. அது பசிபிக் தீவுக்காரரின் கண்டுபிடிப்பு. எங்கள் கட்டுமரத்தில் தோணியே கிடையாது. மூன்று முதல் ஏழு வரையான மரத்துண்டுகளைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினால் அதுதான் கலம். தண்ணீர் மேலாலும் வரும், இடுக்காலும் வரும், வந்த வழியே போகும். உள்ளே தண்ணீர் நிற்க இடமில்லாதபடியால் அது தாழாது. மதராஸ் மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதிய ஆய்வில், ஊருக்கு ஊர் கட்டுமரம் எப்படி மாறுகிறது என்று விபரமாகப் பதிந்திருக்கிறார். வெள்ளைக்காரர் பெயரை எங்களிடம் எடுத்து, வடிவத்தைப் பசிபிக்கில் எடுத்தார்கள். ஆனால் இரண்டு இடத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. அதுதான் கட்டு. அந்தச் சொல்லின் முதற்பாதி.

வடமராட்சிக் கரையில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கட அப்பு பின்னேரம் கரைக்கு வந்தவுடன் செய்கிற முதல் வேலை மீனை எடுக்கிறது இல்லை. கட்டை அவிழ்க்கிறது. மரங்களைப் பிரித்துத் தனித்தனியாக மணலில் உருட்டிக் காயவிடுவார். மெதுவான, பாரமில்லாத மரம். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துப் பாரமாகிவிடும். கட்டினபடி விட்டால் உள்ளே காயாது, உக்கிப்போகும். அடுத்தநாள் விடியப்புறம் திரும்ப அடுக்கிக் கட்டுவார். எனக்குச் சின்ன வயதில் இது பெரிய முட்டாள்வேலையாகத் தெரியும். ஒருக்கா இறுக்கிக் கட்டிவிட்டால் என்ன, ஏன் தினமும் அவிழ்த்துக் கட்ட வேணும் என்று கேட்டிருக்கிறேன். "அப்பதான் மோனை எங்கை பழுதெண்டு தெரியும்" என்று சொன்னார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

கயிறு தும்புக் கயிறு. பச்சைத் தேங்காய் மட்டையைக் கடற்கரைச் சேற்றுக் கிடங்கில் மாதக்கணக்கில் புதைத்து ஊறவிட்டு, எடுத்து அடித்துத் தும்பாக்கித் திரித்தது. நல்லாக ஊறின தும்பு பொன் நிறமாக இருக்கும், கைக்கு மெதுவாக இருக்கும். ஊறாத தும்பு கபில நிறம், முறுகிப்போய் இருக்கும். அப்பு கட்டுக்கு என்று எடுப்பது பொன் நிறக் கயிறு. அதிலும் மெதுவாகத் திரித்ததைத்தான் எடுப்பார். இறுக்கித் திரித்த கயிறு பாயை ஏற்றி இறக்கிற வேலைக்கு நல்லது, கப்பியில் ஓடும். கட்டுக்கு அது சரிவராது. மெதுவான கயிறுதான் மரத்தின் மூலையில் அமர்ந்து, பக்கத்துச் சுற்றோடு ஒட்டிப் பிடிக்கும்.

தும்புக் கயிற்றின் குணம் மூன்று. ஒன்று, உப்புத் தண்ணீரில் மற்ற நார்களைப்போலக் கெதியில் உக்காது. இரண்டு, அதன் மேல் சொரசொரப்பு. முடிச்சு வழுக்காது. மூன்று, அது நீண்டு கொடுக்கும். மணிலாக் கயிற்றோடு ஒப்பிட்டால் பலம் குறைவுதான். ஆனால் அலை தூக்கிப் போடும்போது திடீரென்று வருகிற இழுப்பை அது நீண்டு வாங்கி, பிறகு பழைய இடத்துக்கு வரும். திரித்த நார்க்கயிறு நனைந்தால் நூல் பருக்கும். பருத்தால் நீளம் குறையும். அதனால் காய்ந்தபடி கட்டின கட்டு கடலில் இறங்கினபிறகு இன்னும் இறுகும். இந்தக் கடைசிக் குணத்தை மறந்ததால்தான் எனக்கு வினை வந்தது.

இந்தத் தும்புக் கயிற்றை நம்பித்தான் ஒருகாலத்தில் இந்து சமுத்திரம் முழுக்கக் கப்பல் ஓடியது. கட்டுமரம் மட்டும் இல்லை, பெரிய கப்பல்களும் பலகைக்குப் பலகை கயிற்றால் தைத்தவைதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ ஹோர்மூசில் இந்தக் கப்பல்களைப் பார்த்துப் பயந்துபோனார். ஆணி இல்லாமல் தேங்காய் நாரால் தைத்த கப்பலில் போவது ஆபத்து, பல கப்பல்கள் தாண்டுபோகின்றன என்று குறை சொன்னார். அவருக்குப் பிறகு வந்த இபன் பட்டூட்டா வேறு மாதிரிச் சொன்னார். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது வளைந்து கொடுத்துத் தப்பும் என்பது அவர் கணிப்பு.

இபன் பட்டூட்டாவுக்கு எங்களோடும் ஒரு தொடர்பு உண்டு. 1344இல் அவர் இலங்கைக்கு வந்தபோது அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. சந்தித்த இடம் புத்தளம். அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும், அவருடைய சிறிதும் பெரிதுமான நூறு கப்பல்களை எதிர்க்கரையில் தான் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். சிவனொளிபாத மலையெல்லாம் பார்த்துவிட்டு எதிர்க்கரைக்குப் புறப்பட்ட அவருடைய கப்பல் காற்றில் அகப்பட்டுத் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டி விழுத்தினார்கள். மாலுமிகள் மரங்களைக் கட்டித் தெப்பம் செய்தார்கள். தன்னோடு வந்தவர்களை அதில் அனுப்பிவிட்டு அவர் இரவு முழுக்க உடைந்த கப்பலில் இருந்தார். விடிந்தபிறகு கரையில் இருந்து வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். உலகம் சுற்றின மனிசனுடைய ஆட்கள் எங்கட கடலில் கட்டின மரத்தில் ஏறித்தான் கரை கண்டார்கள்.

மார்க்கோ போலோவா இபன் பட்டூட்டாவா சரி? இதை 1980இல் ஒருவர் செய்தே பார்த்தார். ரிம் செவரின் என்பவர் ஓமானில் லட்சத்தீவுக் கயிற்றுக்காரரைக் கூட்டிக்கொண்டுவந்து, ஆணியே இல்லாமல் 'சோஹார்' என்ற கப்பலைத் தைப்பித்தார். போன தும்புக் கயிறு ஏறக்குறைய 400 மைல் நீளம். அது மஸ்கட்டில் இருந்து சீனாவின் கன்ரன் வரைக்கும் 1981இல் போய்ச் சேர்ந்தது. இந்தியக் கடற்படையும் 2025 மே மாதத்தில் 'கௌண்டின்யா' என்ற தைத்த கப்பலைக் கார்வாரில் சேர்த்துக்கொண்டது. அஜந்தா ஓவியத்தில் இருக்கிற கப்பலைப் பார்த்துச் செய்தது அது. பசிபிக் பக்கத்தில் ஹவாயில் 1975இல் 'ஹொக்குலேயா' என்ற இரட்டைத் தோணியைக் கட்டி, அடுத்த வருஷம் கருவி ஒன்றும் இல்லாமல் நட்சத்திரத்தைப் பார்த்து தாஹிட்டி வரைக்கும் ஓட்டினார்கள். அதன் குறுக்கு மரங்களைப் பிடித்திருப்பதும் கயிற்றுக் கட்டுத்தான், சுமார் 5 மைல் நீளக் கயிறு. பழைய சாமான் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு மறுமொழி கிடைத்துவிட்டது.

எங்கட ஆட்களுக்கு இந்தச் சோதனை தேவைப்படவில்லை. வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டின 89 அடிக் கப்பல் 'அன்னபூரணி'. சின்னப் படகில் உலகம் சுற்றிப் பேர் எடுத்த வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதில் போனார்கள். 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இந்தக் கதையை நாங்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் சொல்லும்போது கப்பலையும் தண்டையலையும்தான் சொல்கிறோம். மாதக்கணக்கில் பாயில் ஓடுகிற கப்பலில் மாலுமிக்கு நாள் முழுக்க உள்ள வேலை கயிற்று வேலை. உராய்ந்த இடத்துக்குத் துணி சுற்றுகிறது, இளகினதை இறுக்குகிறது, தேய்ந்ததை மாற்றுகிறது. அந்த வேலையை ஆரும் எழுதி வைக்கவில்லை.

நான் நிற்கிற போட் கிரெடிட்டிலும் அப்படி ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது கல்லு அள்ளுகிற ஊர். அடி தட்டையான சின்னப் பாய்க்கப்பல்களில் போய், ஒன்ராறியோ வாவியின் அடியில் இருந்து நீண்ட கம்பி வாரிகளால் கல்லுப் பெயர்த்து ஏற்றி, ரொறன்ரோவில் கட்டடம் கட்ட விற்றார்கள். கரையோரக் கல்லையும் அள்ளிக் கரை அரிக்கத் தொடங்க, 1857இல் கரைக்குக் கிட்டவாக அள்ளக்கூடாது என்று சட்டம் வந்தது. அந்தக் காலத்துப் பாய்க்கப்பல்களில் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற வடத்தின் நுனியில் மூன்று துளை போட்ட உருண்டை மரக்கட்டை இருக்கும். கப்பலின் பக்கத்தில் அதேமாதிரி இன்னொரு கட்டை. இரண்டுக்கும் இடையில் மெல்லிய கயிற்றைக் கோத்துக் கோத்து இழுத்து இறுக்குவார்கள். நோவா ஸ்கோஷியாக்காரரின் படகில் இருக்கிற கட்டு அதன் பேரப்பிள்ளை.

பிறகு இரும்பு வந்தது. 1834இல் ஜேர்மனியில் வில்ஹெல்ம் அல்பேர்ட் என்ற சுரங்க அதிகாரி கம்பிவடம் செய்தார். கொஞ்சக் காலத்தில் அது கப்பலுக்கும் வந்து, மரக்கட்டைக்குப் பதில் உருக்குத் திருகாணி வந்தது. சாவியால் திருகினால் இறுகும். ஆருக்கும் லேசு. ஆனால் உருக்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. துருப்பிடிக்காத உருக்கு என்று சொல்வதும்கூட, காற்றுப் புகாத இடுக்கில் உப்புத்தண்ணீர் நின்றால் உள்ளால் அரிபடும். வருஷக்கணக்கில் ஆடி ஆடிக் களைத்து, ஒருநாள் சத்தமில்லாமல் முறியும். வெளியால் பார்க்கப் பளபள என்றுதான் இருக்கும். கயிறு அப்படி இல்லை. மயிர் எழும்பும், நிறம் வெளிறும், ஓரிடம் மெலியும். பார்க்கத் தெரிந்தவனுக்கு முன்கூட்டியே காட்டிவிட்டுத்தான் அறும். இங்கிலாந்தில் ஜேம்ஸ் வொறம் என்பவர் 1950களில் தானே செய்த சின்ன இரட்டைத் தோணியில் அத்திலாந்திக்கைத் தாண்டினார். பிறகு தன் படகு வடிவங்களில் குறுக்கு மரங்களைக் கயிற்றால் கட்டச் சொன்னார். விறைப்பாகப் பூட்டினால் அலையின் பாரம் முழுக்க ஒரு போல்ட்டில் வரும், கட்டினால் பகிர்ந்து போகும் என்பதுதான் காரணம். நான் கட்டவேண்டி வந்ததும் அவருடைய வடிவத்தில் செய்த படகைத்தான்.

இப்போது கை நடுங்கின கதை.

1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கினபிறகு எங்கட பக்கத்துக்கு மண்ணெண்ணெய் வருவது குறைந்துபோனது. வந்ததும் வாங்கமுடியாத விலை. இயந்திரப் படகு வைத்திருந்தவர்கள் அதைக் கரையில் கவிட்டுவிட்டு, பழைய பாயையும் கட்டுமரத்தையும் தேடினார்கள். அப்பு ஒருநாளும் கைவிடாத சாமானுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. நேவிக்குப் பயம், தூரத்துக்குப் போக ஏலாது. பாருக்கு இந்தப் பக்கம் போய் ஏதோ கறிக்கு அகப்படுகிறதைக் கொண்டுவருகிறது.

1992 சோளகக் காலம். எனக்குப் பதினேழு வயது. அப்புவுக்குக் காய்ச்சல். நானும் சித்தப்பாவின் மகனும் மரத்தைக் கொண்டுபோவோம் என்று வெளிக்கிட்டோம். அவனுக்குப் பதின்நான்கு. தும்புக் கயிறு பழசு, இரண்டு இடத்தில் மெலிந்திருந்தது. கொட்டிலில் புது நீலக்கயிறு ஒரு சுருள் இருந்தது. நைலோன் கயிறு என்று நாங்கள் சொல்வது. உண்மையில் அது நைலோன் இல்லை, பொலிபுரொப்பிலீன் என்று கனடா வந்தபிறகுதான் அறிந்தேன். தும்புக் கயிற்றைவிட எவ்வளவோ பலம். அதை எடுத்து, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் காலை மரத்தில் ஊன்றி இழுத்து இழுத்துக் கட்டினேன். பாயின் பருமலைப் பாய்மரத்தோடு கட்டினதும் அதே கயிறுதான். கட்டி முடித்துத் தட்டிப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்றது.

ஒரு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்பக்க மரங்கள் மெல்ல வாய் திறக்கத் தொடங்கின. அந்தக் கயிறு நனைந்தால் இறுகாது. தும்புபோல மரத்தைப் பிடிக்காது, வழுவழுப்பு. அலைக்கு மரங்கள் ஒன்றோடு ஒன்று அசைய அசைய முடிச்சுத் தானாக இளகிக்கொண்டு வந்தது. பாய் நிரம்பக் காற்று. பாயை இறக்கு என்று அவனைக் கத்தினேன். அவன் எழும்பி முன்னுக்குக் கால் வைத்தான். கால் இரண்டு மரத்துக்கு நடுவில் போனது. அடுத்த அலைக்கு மரங்கள் திரும்பச் சேர்ந்தன.

கரைக்கு எப்படி வந்தோம் என்று எழுத எனக்கு இன்றைக்கும் மனம் வராது. மருந்தும் இல்லாத காலம். மூன்று விரல் போனது. பாதம் கோணலாகப் பொருந்தினது.

அப்பு என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலோடு எழும்பி வந்து, நான் கட்டின நீலக்கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு விரலால் வழித்துப் பார்த்தார். "கயிறு அறேல்லை மோனை. ஒரு நூல் அறேல்லை. கட்டுத்தான் இளகினது. பலத்தைப் பாத்து எடுத்தாய், குணத்தைப் பாக்கேல்லை." பிறகு பழைய தும்புக் கயிற்றை எடுத்து, புரிகளைத் திருகித் திறந்து உள்ளே காட்டினார். வெளியே நல்லாக இருந்த இடத்தில் உள்ளே மாப்போலத் தூள் கொட்டியது. மெலிந்திருந்த இடத்தில் உள்ளே தும்பு பொன் நிறமாகவே இருந்தது. நான் பழுதென்று நினைத்த இடம் பழுதில்லை. நல்லதென்று நினைத்த இடம்தான் பழுது. அன்றைக்கு ஒரு மணித்தியாலம் எனக்குக் கயிறு படிப்பித்தார். ஏன் அதை முதலே கேட்கவில்லை என்று இன்றைக்கும் யோசிப்பேன். 1996இல் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனவர் அடுத்த வருஷம் அங்கேயே ஒரு கொட்டிலில் கண்ணை மூடினார். அப்போது நான் கனடாவில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன்.

அவர் படிப்பித்ததோடு இங்கே அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆருக்காவது உதவும்.

கயிறு எடுக்கும்போது பலம் கடைசிக் கேள்வி. நனைந்தால் என்ன செய்யும், வெயிலில் என்ன செய்யும், முடிச்சுப் பிடிக்குமா, நீளுமா என்பவைதான் முதற் கேள்விகள். நைலோன் நல்லாக நீளும், நனைந்தால் பலத்தில் பத்து வீதத்துக்கு மேல் இழக்கும். நங்கூரத்துக்கு அது நல்லது, அலையின் இழுப்பை வாங்கும். பாய்மரத்தை நிறுத்துகிற கட்டுக்கு உதவாது. பொலிபுரொப்பிலீன் மிதக்கும், மலிவு, ஆனால் வழுக்கும், வெயிலில் கெதியில் பொரிந்து உதிரும். டைனீமா என்று இப்போது வருகிற கயிறு அதே பருமன் உருக்குக் கம்பிக்கு நிகரான பலம், பாரமில்லை. ஆனால் அது மெழுகுபோல வழுக்கும், சாதாரண முடிச்சு நழுவும். பாரம் தொடர்ந்து இருந்தால் மெல்ல மெல்ல நீண்டுகொண்டும் போகும். சின்னப் படகில் கைக்கட்டுக்கு எனக்குத் திருப்தி பின்னல் பொலியெஸ்ரர். அதிகம் நீளாது, வெயில் தாங்கும், முடிச்சுப் பிடிக்கும். இன்றைய கயிறுகளில் அப்பு பார்த்தால் தலையாட்டக்கூடியது அதுதான் என்று நினைக்கிறேன்.

மொத்தக் கயிற்றில் இரண்டு சுற்றைவிட மெல்லிய கயிற்றில் ஆறு சுற்று நல்லது. ஆனால் ஆறு சுற்றுப் போட்டால் பன்னிரண்டு இழை, ஆகவே பன்னிரண்டு மடங்கு பலம் என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு வளைவிலும் உராய்வு கொஞ்சம் தின்னும், முடிச்சுத் தனியே அரைவாசி தின்னும். ஒவ்வொரு சுற்றையும் போடும்போதே இழுத்து இறுக்க வேணும். கடைசியில் இழுத்து எல்லாம் சேர்ந்து இறுகும் என்று நினைத்தால் முதற்சுற்று இளகியே இருக்கும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேணும். குறுக்கு மரக் கட்டென்றால் முடிவில் நடுவால் குறுக்குச் சுற்று இரண்டு மூன்று போட்டு நெரிக்க வேணும். கையால் இழுத்து வராத இறுக்கம் அந்த நெரிப்பில் வரும். கயிறு போகிற துளையின் விளிம்பு கூராக இருந்தால் அரத்தால் மழுக்க வேணும். எவ்வளவு நல்ல கயிறையும் கூரான விளிம்பு ஒரு கோடையில் தின்றுவிடும்.

கட்டினவுடன் வேலை முடியாது. முதல்நாள் ஓடிவிட்டு வந்து திரும்ப இறுக்க வேணும், புதுக்கயிறு அமருவதற்கு இடம் தேடும். காற்று அடங்கினபக்கத்துக் கட்டு எப்போதும் இளகினமாதிரி ஆடும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கரையில் நிற்கும்போது இரண்டு பக்கமும் ஆடினால் அது பயப்படவேண்டியது. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கா விரலால் வழித்துப் பாருங்கோ. விறைத்த இடம், மயிர் எழும்பின இடம், வெளிறின இடம் கையில் படும். குளிர்காலம் வரமுன் எல்லாவற்றையும் அவிழ்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயப்போட்டு உள்ளே எடுத்து வைக்க வேணும். கட்டினபடி பனிக்குள் விட்டுவிட்டு வசந்தத்தில் வந்து தட்டிப் பார்த்தால் அது கல்லு மாதிரித்தான் நிற்கும். நான் 1992இல் தட்டிப் பார்த்த மாதிரி.

அன்றைக்குப் போட் கிரெடிட்டில் நாங்கள் இரண்டு பேரும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். முதலாவது கட்டை நான் மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்காம் முறை கட்டி முடித்துவிட்டுத் தட்டிப் பார்க்கவில்லை. வாளியில் வாவித் தண்ணீர் அள்ளி ஊற்றி, அவரை ஒரு தோணியிலும் நான் மற்றத் தோணியிலும் நின்று மாறி மாறி உலுப்பினோம். பிறகுதான் தொட்டுப் பார்த்தேன். ஒரு சுற்று இளகியிருந்தது. ஐந்தாம் முறை கட்டினேன். எல்லாம் முடியப் பின்னேரம் நான்கு மணி. அவர் ஓடுவோம் வா என்றார். நான் கரையில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கலங்கரை விளக்கைத் தாண்டிப் போகும்வரைக்கும் குறுக்கு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அன்று இரவு பாரிசுக்குப் போன் எடுத்தேன். சித்தப்பாவின் மகன் லா சப்பல் பக்கம் ஒரு கடையில் நிற்கிறான். முப்பது வருஷத்துக்கு மேலாக நாங்கள் அந்த நாளைப் பற்றிக் கதைத்ததே இல்லை. கட்டினேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"என்ன கயிறு அண்ணை?" என்று கேட்டான்.

சொன்னேன்.

"நனைச்சுப் பாத்தனிங்களோ?"

"பாத்தனான்."

"அப்ப சரி" என்றான். பிறகு கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.

எங்கட கரையிலும் இப்போது கட்டுமரம் கட்டுகிறவர்கள் குறைவு. 2004 டிசம்பர் 26இல் கடல் அடித்துக்கொண்டு போனபிறகு, இரண்டு கரையிலும் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள்தான் வந்தன. அதைக் குறை சொல்ல நான் ஆர்? கால் நசுங்காமல் கரைக்கு வருவது நல்ல விஷயம். ஆனால் உலகம் முழுக்க வாயில் வைத்திருக்கிற ஒரு சொல்லின் முதற்பாதி எப்படிச் செய்கிறது என்று தெரிந்த கைகள் எங்களிடம் அருகிக்கொண்டு போகின்றன. உங்கட வீட்டில் கடலுக்குப் போன அப்புவோ பெரியப்பாவோ இருந்தால், கப்பல் கதையும் புயல் கதையும் கேட்டது போதும். ஒரு முழக் கயிற்றைக் கையில் கொடுத்துக் கட்டிக் காட்டச் சொல்லுங்கோ. பக்கத்தில் இருந்து பாருங்கோ. பிறகு அவிழ்த்துப்போட்டு நீங்கள் கட்டுங்கோ.